கிணறு இருக்கிறது

எங்கள் மையத்தில் யாரும் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்யக் கூடாது. இது பேச்சுக்குச் சொல்வதல்ல. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்த விதி. அதன் கீழே குடை வைக்கும் வாளி இருந்ததால், மழைக்காலத்தில் எல்லோரும் அதை ஒரு முறையாவது படித்துவிடுவார்கள்.

மையம் செம்பூரில் இருந்தது. முழுப்பெயர் பல்துறை ஒருங்கிணைப்பு ஆய்வு மையம். அதற்கு முன்பு அது ஒரு சிந்திக் குடும்பத்தின் பங்களா. அவர்களுடைய சமையலறை எங்கள் ஆய்வுக்கூடம். அவர்களுடைய படுக்கையறையில் சமூகவியல் பிரிவு இருந்தது. நான் டோம்பிவிலியிலிருந்து வருவேன். குர்லாவில் வண்டி மாறி, நசுங்கி, செம்பூரில் இறங்கும்போது புடவைத் தலைப்பு யாருடைய பையிலாவது மாட்டியிருக்கும்.

என்னை நேர்காணல் செய்தவர் இயக்குநர் டாக்டர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். முன்பு அவர் கணித ஆசிரியர் என்று சொல்வார்கள். பிறகு வெளிநாட்டில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் பல துறை ஆராய்ச்சியாளர்களை ஒரே குழுவாக நடத்துவது எப்படி என்று சில வாரம் பயிற்சி எடுத்து வந்தார். அதற்குப் பிறகு அவர் கூட்டல் கணக்குப் போட்டு யாரும் பார்த்ததில்லை.

"என்ன படிச்சிருக்கே?" என்றார்.

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, சார்."

"மார்க்?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்."

அவர் முகம் சற்று வாடியது. "பரவாயில்லை. சின்ன வயசுதானே. மறந்துடலாம்" என்றார்.

பிறகு விளக்கினார். "ஒருத்தனுக்கு எது நன்னாத் தெரியுமோ, அதுதான் அவன் கண்ணை மறைக்கிறது. கண் டாக்டர் தெருவில நடந்து போனா எல்லார் கண்ணையும் பார்த்துண்டு போவான், லாரி வர்றதைப் பார்க்க மாட்டான். நான் இங்கே என்ன பண்றேன்னா, லாரியைப் பார்க்கச் சொல்லித் தரேன். புரியறதோ?"

புரிகிறது என்றேன். எனக்குப் பேச வராது. புரியவில்லை என்று சொன்னால் தொடர்ந்து பேச வேண்டியிருக்கும்.

எனக்கு இணைப்பு உதவியாளர் என்று பதவி கொடுத்தார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பேச வராதவளுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கத் தோன்றியது. அதனால்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

மையத்தில் அறிஞர்கள் மூன்று பேர். டாக்டர் ஆப்டே வேதியியல்காரர். மக்களுடைய உணர்ச்சிகள் அவர் பொறுப்பு. டாக்டர் நளினி காமத் சமூகவியல். ஆய்வுக்கூடம் அவர் வசம். பேராசிரியர் மிஸ்த்ரி பொருளாதாரம். அவர் நோய்களைப் பார்த்துக்கொண்டார். மூவரும் சந்தோஷமாக இருந்தார்கள். தெரிந்த வேலையில் தவறு செய்தால் தவறு என்பார்கள். தெரியாத வேலையில் தவறு செய்தால் துணிச்சல் என்பார்கள். எந்த அலுவலகத்திலும் இவ்வளவு நிம்மதியான முகங்களை நான் பார்த்ததில்லை.

மார்ச் மாதம் அபுதாஹிர் வந்தார்.

தாராவியில் தோல் பை தைக்கும் சிறிய பட்டறை வைத்திருப்பவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கையில் ரோஸ் சர்பத் பாட்டில் ஒன்று வைத்திருந்தார். அதில் தண்ணீர் இருந்தது. இயக்குநரை விட்டால் தமிழ் பேசும் ஆள் நான் மட்டும்தான் என்பதால் வரவேற்பறையிலிருந்து என்னிடம் அனுப்பினார்கள்.

"எங்க கல்லியில ஒரு கிணறு இருக்கும்மா" என்றார். கல்லி என்றால் சந்து. "அதுதான் எல்லாத்துக்கும். முனிசிபாலிட்டிக் குழாய் ரெண்டு கல்லி தள்ளி, அங்க லைன்ல நின்னா அன்னிக்கு வேலைக்குப் போவ முடியாது. கிணத்துக்குப் பக்கத்துல சாக்கடைக் கட்டர் ஓடுது. போன மழைக்கு வீட்டுக்கு வீடு மஞ்சக்காமாலை. எம் மக ரோஷன் பிழைச்சு எந்திரிச்சதே அல்லாஹ் புண்ணியம். என் பட்டறைல சுயம்புன்னு ஒரு பையன். அன்னத்தாயி மகன். அவன் போயிட்டான்."

"வார்டு ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொல்லாமயா? இஞ்சினியரு சொல்லுதாரு, கிணறு கெட்டதுன்னு பெரிய ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வா, கிணத்த மூடிட்டு கல்லிக்கு உள்ளயே குழாய் போட்டுத் தாரேன்னு. நல்ல மனுசன்தான். ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும்மா. மழைக்கு முந்தி வேணும்."

அது ஒரு மணி நேர வேலை. நான் பாட்டிலை இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"இத்தனை நாளா நாம ஒரு பிரச்சினைக்காகக் காத்துண்டிருந்தோம்" என்றார்.

மறுநாள் கூட்டம். எங்கள் கூட்ட மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்ட மேஜைக்குத் தலைமாடு கிடையாது, ஆகையால் தலைமையும் கிடையாது என்று இயக்குநர் வட்ட மேஜை செய்யச் சொல்லியிருந்தார். அது வாசல் வழியாக உள்ளே வரவில்லை. தச்சர் அதை இரண்டாக அறுத்து உள்ளே கொண்டுவந்தார். அறுத்த இடம் திரும்பச் சேரவில்லை. நடுவில் இருந்த இடைவெளியில் இயக்குநர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நான் தலைவன் இல்லை" என்று ஒவ்வொரு கூட்டத்தையும் அவர் தொடங்குவார். "நான் வெறும் பாலம். பாலத்தின் அனுமதி இல்லாமல் யாரும் பேச வேண்டாம்."

பாட்டிலை மேஜை மேல் வைத்தார்கள்.

"இதில் என்ன இருக்கிறது?" என்று இயக்குநர் கேட்டார்.

"தண்ணீ..." என்று டாக்டர் ஆப்டே ஆரம்பித்தார். இயக்குநர் கையை உயர்த்தினார். ஆப்டே தலையைக் குனிந்து, பழக்க தோஷம் என்று மன்னிப்புக் கேட்டார்.

டாக்டர் காமத் மூடியைத் திறந்து முகர்ந்தார். ரோஜா மணம் வருகிறது, இது பண்பாட்டுக் கூறு என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். பேராசிரியர் மிஸ்த்ரி, பாட்டில் பாதிதான் நிறைந்திருக்கிறது, பற்றாக்குறை தெரிகிறது என்றார். அதையும் எழுதிக்கொண்டோம். பாட்டிலில் இருப்பது என்ன என்ற கேள்விக்கு ஒரு துணைக்குழு அமைத்தோம்.

ஏப்ரலில் தாராவிக்குப் போனோம். கல்லி ஒரு ஆள் அகலம். ஜீப் வெளியே நின்றது. உள்ளே தோல் வாடை. இரண்டு பக்கமும் தையல் மெஷின் சத்தம். கல்லி முடிகிற இடத்தில் கிணறு இருந்தது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடை ஓடியது. ஒரு குழந்தை தாண்டிவிடும் தூரம்.

டாக்டர் ஆப்டேவுக்கு நான் மொழிபெயர்த்தேன். சுயம்புவின் அம்மா அன்னத்தாய் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள். ஆப்டே நல்ல மனிதர். மகனை இழந்தவளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அமிலம், காரம் அளக்கத் தெரிந்த அளவுகோலை எடுத்தார். ஒன்றிலிருந்து பதினான்கு வரை, உன் மனநிலை எந்த எண் என்று கேட்கச் சொன்னார். ஏழு என்றால் சுகமும் இல்லை, துக்கமும் இல்லை. மேலே போகப் போகத் துக்கம்.

சொன்னேன். அன்னத்தாய் யோசித்தாள்.

"பதினாலுக்கு மேல கெடையாதா தாயி?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஆப்டே மிகுந்த இரக்கத்துடன் பதினான்கு என்று எழுதி, பக்கத்தில் கடும் காரம் என்று குறித்தார்.

பேராசிரியர் மிஸ்த்ரி அபுதாஹிர் வீட்டு வாசலில் உட்கார்ந்து ரோஷனின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். காமாலை வருவதற்கு முன்பு காமாலை வேண்டும் என்று தோன்றியதா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. பசி எப்படி இருந்தது என்று கேட்டு, அவள் சொன்னதைச் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அவருடைய முடிவு பின்னால் அறிக்கையில் வந்தது: மஞ்சள் காமாலை இலவசமாகக் கிடைப்பதால் அளவுக்கு மீறி நுகரப்படுகிறது.

அபுதாஹிரின் மனைவி மதீனா பீவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். டாக்டர் காமத் மரியாதையாக வாங்கிச் சாக்கடையில் ஊற்றினார். தண்ணீர் நல்லதா என்று இன்னும் தெரியாதே என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"என்ன சொல்லுதாவ?" என்றாள் மதீனா பீவி.

"சர்க்கரை வியாதியாம்" என்றேன்.

ஆய்வுக்கூடத்தில் டாக்டர் காமத்துக்குப் பெரிய மனப்போராட்டம் இருந்தது. பியூரெட் குழாயில் மேலே இருப்பது கீழே இருப்பதன் மீது சொட்டுகிறது, இது ஆதிக்க அமைப்பு, நான் இதற்கு உடந்தையாக முடியாது என்றார். குழாயைப் படுக்க வைத்துப் பிடித்தார். அமிலம் அவர் புடவையில் கொட்டியது. புடவையில் விழுந்த ஓட்டைகளைப் படம் எடுத்து முதல் கட்டத் தரவு என்று ஒட்டினார்கள். இரண்டாம் கட்டத்தில் நிறம் மாறியது. ஏன் மாறினாய் என்று தண்ணீரை மட்டும் கேட்பது ஒருதலைப்பட்சம் என்று எழுதிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

அந்த மதியம் ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சமையலறை அலமாரியில், அந்த வீட்டுக்காரர்கள் ஊறுகாய் வைத்திருந்திருக்கக்கூடிய தட்டில், நெஸ்லர் கரைசல் இருந்தது. கல்லூரியில் முதல் வருஷம் செய்வது. தண்ணீரில் அம்மோனியா இருந்தால், அதாவது சாக்கடை கலந்திருந்தால், மஞ்சளாகும். நிறைய இருந்தால் பழுப்பாகும்.

பழுப்பானது. காபி டிகாக்‌ஷன் மாதிரி.

ரோஜா மணம் குறுக்கிட்டிருக்கலாம் என்று எண்ணி, அடுத்த நாள் வேலைக்கு வருமுன் தாராவிக்குப் போய் வேறு பாட்டிலில், நன்றாகக் கழுவிய பாட்டிலில், எடுத்து வந்தேன். அதுவும் பழுப்பு.

சோதனைக் குழாயை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். 

"சார், சாக்கடை கலந்திருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "யார் பண்ணினது?"

"நான்தான் சார்."

"நீ என்ன படிச்சே?"

"கெமிஸ்ட்ரி."

"அதான்" என்றார். கோபமே இல்லை. வருத்தம்தான். "கெமிஸ்ட்ரி படிச்சவ பார்த்தா கெமிஸ்ட்ரிதானேம்மா தெரியும். நாளைக்கு ஒரு ஜோசியர் பார்த்தா சனி தெரியும். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். நான் யாரையும் ஒசத்தி, தாழ்த்திப் பார்க்கிறதில்லை."

"சார், மழைக்கு முன்னாடி அவங்களுக்கு..."

"மழை வரட்டுமே. மழையும் இதுல ஒரு பங்காளிதானே. அது என்ன சொல்றதுன்னு நாம கேட்க வேண்டாமா?"

டாக்டர் ஆப்டேவிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் குழாயைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் முகம் பழைய வேதியியல்காரருடைய முகம் மாதிரி ஆயிற்று.

"சரிதான். குடிக்கவே கூடாது" என்றார்.

"சொல்லுங்களேன் சார்."

"நான் இப்போது உணர்ச்சிகளில் இருக்கிறேன், மகளே" என்றார். குழாயைத் திருப்பிக் கொடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

நான் ஒரு வெள்ளைத்தாளில் என் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அபுதாஹிரிடம் கொடுத்தேன். அவர் வார்டு ஆபீசுக்கு எடுத்துப் போனார். இஞ்சினியர் அதைப் படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தாராம். பின்பக்கமும் சீல் இல்லை.

மே மாதம் அறிக்கை எழுதும் வேலை. இயக்குநர் ஒரு விதி வைத்தார். அறிக்கை எல்லாத் துறைக்கும் பொதுவான மொழியில் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு துறைக்கு மட்டும் சொந்தமான சொல் இருக்கக் கூடாது. அது மற்றவர்களை வெளியே நிறுத்தும்.

முதல் வரியை நான் எழுதினேன். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் சாக்கடை கலந்து இருப்பதால் குடித்தால் நோய் வரும். கிணறு மூடப்பட வேண்டும்.

வரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். சாக்கடை என்பது பொறியியல் சொல் என்று பேராசிரியர் மிஸ்த்ரி சொன்னார். அழித்தார்கள். கலப்பது வேதியியல். ஆப்டேவே எழுந்து போய் அழித்தார். நோய் மருத்துவம். குடிப்பது என்பது வகுப்பு, சாதி, பால் சார்ந்த செயல், அதைச் சும்மா குடிப்பது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர் காமத். தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்பதில் மாலை வரை சண்டை நடந்தது. கடைசியில் யாருக்கும் வேண்டாம் என்று அழித்தார்கள். மூடப்பட வேண்டும் என்பது நிர்வாகம், நாம் ஆராய்ச்சியாளர்கள் என்றார் இயக்குநர்.

டீ வந்தது. கரும்பலகையில் கிணறு மட்டும் நின்றது. பக்கத்தில் 'இருப்பதால்' என்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முடிவு கொடுக்கலாம் என்று அனைவரும் ஒப்புக்கொண்டார்கள்.

கிணறு இருக்கிறது.

யாரும் எதிர்க்கவில்லை. மையத்தின் வரலாற்றிலேயே இப்படி எல்லாத் துறையும் ஒரே வரியில் ஒத்துப்போனது முதல் தடவை. டாக்டர் காமத் அழுதுவிட்டார். மிஸ்த்ரி ஆப்டேவைக் கட்டிக்கொண்டார். இயக்குநர் இடைவெளியில் இருந்து எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"இதைத்தான் அவங்க வெளிநாட்டுப் பயிற்சியிலே சொல்லிக் கொடுத்தாங்க. நான் அப்போ நம்பலை" என்றார்.

அறிக்கை தடிமனாக வந்தது. அந்த வரி கடைசிப் பக்கத்தில், நடுவில், தனியாக இருந்தது. சீல் நன்றாக விழுந்திருந்தது. அபுதாஹிர் அதை இரண்டு கையாலும் வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வார்டு ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். வரவேற்பறையில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இஞ்சினியரு முழுசாப் படிச்சாரும்மா. படிச்சிட்டுச் சொன்னாரு, கிணறு இருக்குன்னு எனக்கும் தெரியும் அபுதாஹிர், இருக்கதுனாலதான நீ வந்த, அப்படின்னாரு."

"நான் ஒரு வரி எழுதினேன். அழிச்சிட்டாங்க."

"நீங்க என்ன செய்வீய" என்றார். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று நன்றாக இருந்திருக்கும்.

டெல்லியிலிருந்து நிதி கொடுப்பவர்கள் அறிக்கையைப் படித்து நேரில் வந்தார்கள். இந்த வெற்றியைக் கல்லில் பதிக்க வேண்டும் என்று முடிவானது. கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வெள்ளைச் சலவைக்கல் பதித்தார்கள். ஷாமியானா போட இடமில்லாததால் கல்லியின் மேல் ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குத் துணி கட்டினார்கள். தையல் மெஷின்களை அன்று நிறுத்தச் சொன்னார்கள். இயக்குநர் பேசினார். டெல்லிக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் பேசினார். என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். மைக் முன்னால் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இந்தக் கிணற்றுக்கு வந்தபோது நாங்கள் தனித்தனி மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. இன்று எங்களில் யார் கெமிஸ்ட், யார் பொருளாதாரம் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்களாலேயே முடியாது. குழுவை நடத்துவது எப்படி என்று என்னைக் கேட்கிறார்கள். சுலபம். யாரையும் எங்கேயும் போய்ச் சேர விடாமல் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிப் போக வேண்டும்."

கைதட்டினார்கள். கல்லிக்காரர்களும் தட்டினார்கள். போட்டோகிராபர் இயக்குநரைக் கிணற்றுச் சுவர் பக்கத்தில் நிற்க வைத்து, கையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். படம் எடுத்ததும் இயக்குநர் டம்ளரை ஜாக்கிரதையாகக் கல் மேல் வைத்துவிட்டார். பெரியவர்களுக்குக் கலர் சோடா பாட்டில் வந்தது.

கல்லில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அன்னத்தாய் என்னிடம் கேட்டாள். "என்னது எழுதியிருக்கு?"

"இங்கே துறைகள் சந்தித்தன, அப்படின்னு."

"நல்ல விசயந்தான்" என்றாள்.

படம் பத்திரிகையில் வந்தது. டீக்கடைக்காரர் அதை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினார். அபுதாஹிர் கடைசித் தடவையாக வார்டு ஆபீசுக்குப் போனபோது, இஞ்சினியர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் அதே படம் இருந்ததாம். டெல்லிக்காரன் கல் வைத்த கிணற்றை என்னால் எப்படி மூட முடியும், என் வேலை போய்விடும் என்றாராம். அடுத்த கல்லிக்காரர்கள் குடத்தோடு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் கல்லியிலும் கிணறு உண்டு. அதில் யாரும் கல் வைக்கவில்லை.

ஜூன் முதல் வாரம் மழை இறங்கியது. அபுதாஹிர் மையத்துக்கு வரவில்லை. டெலிபோன் செய்தார். தாராவி எஸ்.டி.டி. கடையிலிருந்து, பின்னால் மழைச் சத்தத்தோடு.

"கட்டர் பொங்கி கிணத்துக்குள்ள போவுதும்மா. கண்ணாலயே பாக்கலாம். நான் சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கான். நீ என்ன டாக்டரான்னு கேக்கான். ஒங்க ஆபீஸ்தான கல்லு வச்சது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாவ."

போனேன். ரயில் நிலையத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தேன். கிணற்றைச் சுற்றிப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். வேறு கல்லிப் பெண்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அன்னத்தாய். அபுதாஹிர் அவர்களிடம், "ஆபீஸ் அம்மா வந்திருக்காவ, என்ன சொல்லுதாவன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நாலு பேர் இருந்தால் என்னால் பேச முடியாது. அங்கே நாற்பது பேராவது இருப்பார்கள். கிணற்றின் மேடையில் ஏறி நின்றேன். மெஷின் சத்தம் இல்லை. மழை மட்டும் பெய்தது.

"இந்தத் தண்ணி குடிக்கக் கூடாது" என்றேன். "சாக்கடை கலந்திருக்கு. நானே சோதிச்சுப் பார்த்தேன். ரெண்டு தடவை. இதனாலதான் காமாலை வந்தது."

யாரோ, சத்தமாச் சொல்லு என்றார்கள். சத்தமாகச் சொன்னேன். என் குரல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி குடத்தைக் கீழே வைத்தாள். இன்னொருத்தி நிறைந்திருந்த குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். அபுதாஹிர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ என்ன படிச்ச தாயி?" என்று கேட்டாள் அன்னத்தாய்.

"இதைத்தான் படிச்சேன். தண்ணியில என்ன இருக்குன்னு பார்க்கிற படிப்பு."

அவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது.

"அப்போ போன மழைக்கு" என்றாள். நிறுத்தினாள். "சுயம்பு படுத்துக் கெடக்கும்போது நாந்தான கோரிக் கோரிக் குடுத்தேன். தாகம் தாகம்னான். ராத்திரியெல்லாம் குடுத்தேன்."

என்னிடம் பதில் இருந்தது. அது சரியான பதில். இரண்டு தடவை சோதித்தது.

அப்போது கல்லி முனையில் குடைகள் தெரிந்தன. இயக்குநரும் ஒரு புதிய குழுவும். பெங்களூரிலிருந்து ஏதோ ஒரு நிறுவனத்தார் எங்கள் முறையைக் கற்க வந்திருந்தார்கள். மழையில் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்களாம். இயக்குநர் கால்சட்டையை மடித்துவிட்டிருந்தார். மேடையில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, ஷ்யாமளா. பேசறியா நீ" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். விருந்தினர்களிடம் திரும்பி, வேலையில் சேர்ந்தபோது இந்தப் பெண் வாயே திறக்க மாட்டாள், குழு என்ன செய்யும் என்று பாருங்கள் என்றார்.

அபுதாஹிர் அவர் முன்னால் போய் நின்றார். "சார், இந்தத் தண்ணி கெட்டதுன்னு இவுங்க சொல்லுதாவ. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொன்னாக் கேட்டுருவாவ."

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். போட்டோவில் இருந்தவர். டம்ளர் பிடித்தவர்.

அவர் அந்தக் கூட்டத்தை அன்போடு பார்த்தார். குடையைச் சற்று உயர்த்திக்கொண்டு தமிழில் பேசினார். நிதானமாக, எல்லோருக்கும் புரியும்படி.

"இவ எங்க பொண்ணுதான். நல்ல பொண்ணு. இவ சொல்றது கெமிஸ்ட்ரியோட கருத்து. நான் அதை மதிக்கிறேன். ஆனா அது ஒரு கருத்துதான். இன்னும் எத்தனையோ கருத்து இருக்கு. எதுவும் முடிவு இல்லை. நீங்க யாரும் மனசைப் போட்டு அலட்டிக்க வேண்டாம்."

அன்னத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இந்தத் தண்ணியாலதான்னு சொல்ல முடியாதுங்களா சார்?"

"சொல்லவே முடியாதும்மா" என்றார்.

அவள் மூச்சு விட்டாள். ஒரு வருஷமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு போல இருந்தது. தோள் இறங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குடத்தைக் கீழே வைத்தவள் அதை மறுபடி எடுத்துக்கொண்டாள். அபுதாஹிர் என்னைப் பார்க்கவில்லை. பட்டறைக்குள் போனார். சற்று நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

இயக்குநர் விருந்தினர்களுக்குச் சலவைக்கல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து சமூகவியல் பிரிவை நீயே பார்த்துக்கொள், மக்களிடம் உனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது என்று நடுவில் என்னிடம் சொன்னார்.

நான் இன்னும் மேடையில்தான் நின்றேன். கருத்து சொல்லி முடித்தவர்கள் எப்படி இறங்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்னத்தாய் கயிற்றை விட்டாள். வாளி கீழே போய்த் தண்ணீரில் விழுந்தது. நிறைந்த வாளியை இழுக்க ஆரம்பித்தவள், என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"கொஞ்சம் தள்ளிக்கோ தாயி. கயிறு இடிக்கி."

நான் தள்ளி நின்றேன்.